வன்னி றோட்டுக்கு எந்த மோட்டார் சைக்கிள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் பத்திரிகையில் கிழமைக்குக் கிழமை மோட்டார் சைக்கிள் விளம்பரம் வருகிறது, அடுத்த பக்கத்தில் லீசிங் விளம்பரம். அதில் குறை சொல்ல வரவில்லை, பத்திரிகை நடத்தவும் காசு வேண்டும்தானே. ஆனால் நியமனக் கடிதத்தோடு வன்னிக்குள் வேலைக்கு வரும் பிள்ளைகள் அந்தப் படங்களைப் பார்த்துத்தான் வண்டி எடுக்கிறார்கள். வீடு கிளிநொச்சியில் இருக்கும், அல்லது வவுனியாவில். வேலை புதுக்குடியிருப்புக்கு அந்தப் பக்கம், இல்லாவிட்டால் நெடுங்கேணிக்குள். ஏ9 வீதியில் பஸ் ஓடுகிறது, சரி, சந்தியில் இறங்கி உள்ளுக்குப் போவது எப்படி? காலையில் ஒரு பஸ் இருந்தாலும் அது பள்ளிக்கூட மணி அடித்த பிறகுதான் வந்து சேரும். ஆகவே மோட்டார் சைக்கிள் வேண்டுமா என்ற கேள்வியே இல்லை. எதை எடுப்பது என்பதில்தான் கொஞ்சம் சொல்லலாம் என்று எழுதுகிறேன். நானும் பரந்தன் - முல்லைத்தீவு வீதியில் பல வருசமாக வேலைக்குப் போய்வருகிற ஆள்தான்.

என்னைக் கேட்டால், தினமும் தூரம் ஓடுகிறவருக்கு 100 அல்லது 125 சிசி போதும். அதிலும் நீங்கள் போகிற வழியில் இருக்கிற கராஜ்காரர் ஏற்கெனவே நூறு தரம் கழற்றிப் பூட்டின மாடலாக இருக்க வேண்டும். பஜாஜ் சிடி 100, பிளட்டினா, ஹீரோ ஸ்பிளெண்டர், 125 என்றால் டிஸ்கவர் போன்றவை. பார்க்க ஒரு எடுப்பும் இல்லைத்தான், கலியாண வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தினால் ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அது எனக்கும் தெரியும்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். போக வர 90 கிலோமீற்றர் என்று வையுங்கள், மாதம் 22 நாள் வேலை, கிட்டத்தட்ட 2,000 கிலோமீற்றர். லீற்றருக்கு 60 ஓடுகிற வண்டிக்கு 33 லீற்றர் பெற்றோல் போதும். 150 சிசி வண்டி ஒன்று எங்கள் வெயிலிலும் காற்றிலும் லீற்றருக்கு 40 ஓடினால் 50 லீற்றர் வேண்டும். லீற்றர் 300 ரூபா என்று வைத்தாலே மாதம் 5,000 ரூபா வித்தியாசம், வருசத்துக்கு 60,000. இதோடு பெரிய வண்டியின் ரயர் விலை, செயின் செற் விலை எல்லாவற்றையும் சேர்க்க வேண்டும். வருசம் 20,000 கிலோமீற்றருக்கு மேல் ஓடுகிறவருக்குப் பின் ரயரும் செயின் செற்றும் கிட்டத்தட்ட வருசாந்தச் செலவுதான். கடையில் வண்டி விலையைக் கேட்கிறவர்கள் இந்த விலைகளைக் கேட்பதில்லை. பக்கத்து உதிரிப்பாகக் கடையில் போய், அந்த மாடலுக்கு செயின் செற் என்ன விலை, கிளச் பிளேற் என்ன விலை, கையில் இருக்கிறதா, சொல்லித்தான் எடுப்பிக்க வேண்டுமா என்று கேட்டுவிட்டு வந்தால் பாதி முடிவு அங்கேயே வந்துவிடும்.

பெற்றோல் விசயத்தில் வன்னி ஆட்களுக்குப் பாடம் எடுக்கத் தேவையில்லை. பொருளாதாரத் தடைக் காலத்தில் எம்.டி. 90 ஐப் பெற்றோலைச் சொட்டு விட்டு ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓட்டின சனம் நாங்கள். ஜப்பானில் தபால்காரருக்கென்று செய்த வண்டி அது, இங்கே வந்து பட்ட பாட்டை ஹொண்டா கம்பனிக்காரன் கண்டிருந்தால் அழுதிருப்பான். அந்தக் காலம் தெரியாத பிள்ளைகளுக்கு 2022 தெரியும். ஜூன் கடைசியில் 92 பெற்றோல் லீற்றர் 470 ரூபா, அப்புறம் கியூஆர் குறியீட்டைக் காட்டிப் பெற்றோல் எடுக்கிற முறை வந்து மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் என்று அளந்து தந்தார்கள். அந்த 4 லீற்றரில் 60 ஓடுகிற வண்டி வைத்திருந்தவர் 240 கிலோமீற்றர் ஓடினார். 40 ஓடுகிற வண்டிக்காரருக்கு 160 தான், நான் மேலே சொன்ன தூரத்துக்கு இரண்டு நாள் முழுதாக வராது. அப்படி ஒரு நிலைமை இனி வராது என்று எழுதித் தர யார் இருக்கிறார்கள்?

நம்பகம் என்று எல்லோரும் சொல்கிறோம். வன்னியில் நம்பகம் என்றால் உடையாத வண்டி என்று நான் விளங்கிக்கொள்ளவில்லை, உடையாத வண்டி உலகத்தில் இல்லை. உடைந்தால் அன்று பின்னேரமே ஓடித் திரும்புகிற வண்டி, அதுதான் நம்பகம். பரந்தனை விட்டால் தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு என்று கராஜ்கள் உண்டு, இடையில் நின்றுவிட்டால் கிலோமீற்றர் கணக்கில் உருட்ட வேண்டும். கிளச் கேபிள் அறுந்த சிடி 100 ஒன்றை எந்தச் சந்தியிலும் அரை மணித்தியாலத்தில் ஓட வைத்துவிடுவார்கள். கேபிள் கடையில் தொங்கிக்கொண்டே இருக்கும். சென்சர் விளக்கு எரிகிற வண்டியைக் கொண்டுபோனால் கராஜ்காரர் கையைத் துடைத்துக்கொண்டு, “அண்ணை, இது யாழ்ப்பாணம் கொண்டுபோனால்தான் சரிவரும்” என்பார். அவரில் பிழை இல்லை, அந்த மெசின் அவரிடம் இல்லை. இந்தியாவில் 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு பல மாடல்களில், பெற்றோலைக் காற்றோடு கலந்து விடுகிற காபரேற்றரை எடுத்துவிட்டு, சென்சர் பார்த்துப் பெற்றோலைப் பீச்சுகிற பியூவல் இன்ஜெக்சன் போட்டுவிட்டார்கள். புது வண்டி எடுக்கிறவர் எது வருகிறது என்று கேட்டு, அதைப் பார்க்கத் தெரிந்த ஆள் எங்கே இருக்கிறார் என்றும் விசாரித்துக்கொள்ள வேண்டும். இன்ஜெக்சன் கூடாது என்று சொல்லவில்லை, பெற்றோல் மிச்சமாகும், காலையில் மல்லுக்கட்டாமல் ஸ்டார்ட் ஆகும். ஆனால் வழிக் கடையில் போத்தலில் வாங்கி ஊற்றுகிற பெற்றோலும் தாங்கியைக் காய விட்டு ஓடுகிற பழக்கமும் அதற்கு ஒத்துவராது.

இனி றோட்டு. காப்பெற் போட்ட வீதியில் எந்த வண்டியும் நல்ல வண்டிதான். அதை விட்டு உள்ளுக்கு இறங்கினால் கிரவல், மாரியில் சேறு, கோடையில் புழுதி. 17, 18 அங்குலச் சில்லு பள்ளத்தில் விழுந்து எழும்புகிற மாதிரி ஸ்கூட்டரின் 10 அங்குலச் சில்லு எழும்பாது, கிரவலில் முன் சில்லு வழுக்கினால் பிடித்து நிமிர்த்தவும் முடியாது. ஆகவே தூர ஓட்டத்துக்கு ஸ்கூட்டர் வேண்டாம் என்று ஆண்கள் சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். சேலை கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போக வேண்டிய ஆசிரியைமார் என்ன செய்வது? அவர்களுக்கு ஸ்கூட்டர்தான் வழி, அதை ஒத்துக்கொண்டு யோசிப்போம். 12 அங்குலச் சில்லு உள்ளதாகப் பார்த்து எடுங்கள், வீகோ, என்ரோக் போன்றவற்றில் இருக்கிறது. டியோ நல்ல வண்டி, ஊருக்குள் ஓட அதைப்போல ஒன்று இல்லை, ஆனால் பழைய டியோவின் தாங்கி 5 லீற்றர் சொச்சம்தான், நூறு கிலோமீற்றர் ஓடுகிறவர் இரண்டு நாளைக்கு ஒருதரம் பெற்றோல் செற்றில் நிற்க வேண்டும். மாரியில் வட்டுவாகல் பாலத்தில் தண்ணீர் ஏறி நிற்கும் நாட்களில் ஸ்கூட்டரை இறக்காதீர்கள், பெல்ற் பெட்டிக்குள் தண்ணீர் போனால் எஞ்சின் இரையும், வண்டி நகராது. அது உப்புத் தண்ணீர் வேறு. எந்த வண்டியானாலும் வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரால் கழுவி செயினுக்கு எண்ணெய் விடாவிட்டால் ஒரு மாரியோடு செயின் கதை முடிந்தது.

வெளிச்சத்தைப் பற்றி எந்த விற்பனைக்காரரும் வாய் திறப்பதில்லை. கூட்டம் முடிந்து ஆறரைக்கு வெளிக்கிட்டால் விசுவமடு வர இருட்டிவிடும், சூடான காப்பெற்றில் கட்டாக்காலி மாடுகள் படுத்திருக்கும். கறுத்த றோட்டில் கறுத்த மாடு. பழைய 100 சிசி வண்டிகள் பலவற்றில் முன் லைற் நேரே எஞ்சினில் இருந்து மின் எடுக்கிறது, அக்சிலேற்றரை விட்டால் வெளிச்சமும் படுத்துவிடும். அதாவது மாட்டைக் கண்டு வேகத்தைக் குறைக்கும் அந்த நேரத்தில்தான் மாடு மறையும்! இதற்காக 150 சிசி எடுக்கத் தேவையில்லை, பற்றரியில் இருந்து லைற் எரிகிற மாதிரி வயர் மாற்றித் தருகிற எலக்ரீசியன்மார் இருக்கிறார்கள். எதிரே வருகிறவர் கண்ணைக் குருடாக்குகிற வெள்ளை எல்ஈடி மட்டும் பூட்டாதீர்கள், புண்ணியமாகப் போகும். அறுவடைக் காலத்தில் இன்னொன்று, றோட்டில் பாதி அகலத்துக்கு நெல் காயும், காவலுக்குக் கல் அடுக்கியிருப்பார்கள், இருட்டில் நெல்லை விடக் கல்தான் ஆபத்து.

வேகம் பற்றிக் கேட்பீர்கள். 100 சிசி 55, 60 இல் நாள் முழுக்க ஓடும், 80 இல் மணிக்கணக்காக விரட்டினால் எஞ்சின் கத்தும், கை மரத்துப்போகும். பின்னுக்கு ஒருவரை ஏற்றிக்கொண்டு தினம் போகிறவர், சோளகக் காற்றுக்கு ஆனையிறவுப் பக்கம் ஓடுகிறவர் 125 எடுப்பது நல்லது. விரட்டி ஓடினால் மிச்சம் பத்து நிமிசம், அவ்வளவுதான்.

பழைய வண்டி வாங்குவதைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்களில் பலர் அதைத்தான் வாங்குகிறோம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியதும் பழைய வண்டிகள் புதிதாக விற்ற விலையின் இரண்டு மடங்குக்கு மேல் போயின. 2025 பெப்ரவரியில் திரும்பத் திறந்துவிட்டார்கள் என்றாலும் விலை பழைய இடத்துக்கு வரவில்லை. அதனால் பார்த்து வாங்க வேண்டும். காலையில் போங்கள், சொல்லாமல் போனால் இன்னும் நல்லது. முதலில் எஞ்சினில் கையை வையுங்கள், சூடாக இருந்தால் நீங்கள் வருவதற்கு முன்னமே யாரோ மல்லுக்கட்டி ஸ்டார்ட் பண்ணியிருக்கிறார்கள். குளிர்ந்த எஞ்சின் இரண்டு உதையில் பிடித்து, சைலன்சரில் நீலப் புகை தள்ளாவிட்டால் சரி. நீலப் புகை என்றால் ஒயில் எரிகிறது, எஞ்சினுக்குள் பிஸ்டன் ரிங்ஸ் மாற்றுகிற செலவு உங்கள் தலையில். மீற்றரை நம்பாதீர்கள், கேபிளைக் கழற்றிவிட்டு ஓடின வண்டிகள் ஏராளம். மீற்றர் 18,000 காட்டும், ஆனால் பிரேக் பெடலில் இருந்த கோடுகள் தேய்ந்து கண்ணாடி மாதிரி மினுங்கும், கால் வைக்கும் றபர் ஒருபக்கம் சாய்வாகத் தேய்ந்திருக்கும். பெடல் பொய் சொல்லாது. பெரிய ஸ்ராண்டில் நிறுத்தி, முன் சில்லைத் தூக்கிப்பிடிக்கச் சொல்லி ஹான்டிலை மெதுவாகத் திருப்புங்கள், நடுவில் ஓரிடத்தில் கொளுவிக்கொண்டால் ஹான்டில் கழுத்திலுள்ள பெயரிங், அதாவது கோன் செற், போய்விட்டது. பின் சில்லைப் பிடித்து இடம் வலமாக ஆட்டுங்கள், ஆடினால் பின் சில்லைத் தாங்குகிற கையின் புஷ் தேய்ந்தது. இவை பெரிய செலவில்லை, விலை குறைக்க உதவும். வண்டியின் இரும்புச் சட்டத்தில் அடித்திருக்கும் இலக்கத்தைப் பதிவுப் புத்தகத்தோடு ஒப்பிடுவது மட்டும் விட்டுக்கொடுக்கக்கூடாத காரியம். புத்தகத்தில் நிதி நிறுவனத்தின் பெயர் நின்றால், “கடைசிக் கட்டுக்காசுதான் இருக்கு, நான் கட்டிவிடுவன்” என்ற கதையைக் கேட்டுக்கொண்டு காசு கொடுக்காதீர்கள். விற்றவர் கையெழுத்து வைத்து, வாங்குகிறவர் பெயர் எழுதாமல் விட்ட திறந்த பத்திரத்தோடு நாலு கை மாறின வண்டியும் அப்படித்தான், பொலிசில் பிடிபட்டால் அல்லது விபத்து நடந்தால் உரிமையாளர் யார் என்று தேடி அலைய வேண்டும்.

லீசிங்கைப் பற்றி நீளமாக எழுதினால் கோபம் வந்துவிடும், ஆகவே சுருக்கமாக. எங்கள் ஊரில் ஒரு தம்பி, முதல் சம்பளம் எடுக்க முன்னமே 150 சிசி எடுத்தார். மாதக் கட்டுக்காசும் பெற்றோலும் போக வீட்டுக்குக் கொடுக்க ஒன்றும் மிஞ்சவில்லை. இரண்டு தவணை பிந்தியதும் வழியில் மறித்து வண்டியைக் கொண்டுபோய்விட்டார்கள், ஹெல்மெற்றைக் கையில் பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றார் அவர். லீசிங் எடுப்பதுதான் வழி என்றால், கட்டுக்காசோடு நான் மேலே சொன்ன பெற்றோல், ரயர், ஒயில் எல்லாவற்றையும் கூட்டி, சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் கீழே உள்ள மாடலைப் பாருங்கள். மொத்தம் எவ்வளவு கட்டி முடிப்பீர்கள் என்று கையொப்பம் வைக்கும் முன் எழுத்தில் கேளுங்கள், முகம் சுளித்தால் எழும்பி வாருங்கள்.

பராமரிப்பு தெரிந்த கதைதான். புழுதியில் ஓடுகிறவர் 2,500 கிலோமீற்றருக்கு ஒருதரம் ஒயில் மாற்றுங்கள், எயார் பில்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். எங்கள் செம்மண் பில்டரில் அப்பிக்கொண்டால் பெற்றோல் குடிப்பது கூடும், வண்டியில் பிழை என்று விற்றுவிடாதீர்கள்.

ஒரு வேண்டுகோள். மின்சார ஸ்கூட்டர்கள் இப்போது கிளிநொச்சிப் பக்கமும் காணக் கிடைக்கின்றன. ஊருக்குள் ஓட வசதி என்கிறார்கள். ஒரு சார்ஜில் 90 கிலோமீற்றர், அதுவும் எதிர்க் காற்றில், இரண்டு மாரி கண்ட பற்றரியோடு ஓடின ஆள் யாராவது உங்கள் வாசகர்களில் இருந்தால், விற்பனைக்காரராக இல்லாமல் ஓட்டினவராக, இந்தப் பகுதிக்கு எழுதச் சொல்லுங்கள். பற்றரி மாற்ற என்ன செலவானது என்பதையும் சேர்த்து எழுதினால் நல்லது.

இப்படிக்கு,
உங்கள் வாசகர் ஒருவர்,
கிளிநொச்சி.