பழைய பிளாஷைக் கமராவில் மாட்ட முதல் ஒருக்கால் அளந்து பாருங்கள்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் சாமத்திய வீடு, கோயில் திருவிழா என்று படம் எடுப்பவர்களிடம் பிலிம் காலத்துப் பிளாஷ்கள் இன்னும் கிடக்கின்றன. வெளிச்சத்தில் ஒரு குறையும் இல்லை. சிக்கல், அடியில் உள்ள நடுமுனையில் நிற்கும் வோல்ற்றளவில்தான்.

பிலிம் கமராவுக்குள் இரண்டு தகடுகள் தொட்டுக்கொண்டால் பிளாஷ் அடிக்கும். 200 வோல்ற்றையும் அது தாங்கும். டிஜிற்றல் கமராவில் அந்த வேலையைச் செய்வது ஒரு சின்ன இலத்திரன் ஆளி; வோல்ற் கூடினால் அது பழுதாகிவிடும். பிளாஷ் இணைப்புக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 10330இன் எல்லை 24 வோல்ற். நிக்கோன் தன் கைநூல்களில் 250 வரை என்கிறது. கனன் 300டி போன்ற ஆரம்ப மொடல்களுக்கோ 6 வோல்ற்தான். பெயரை நம்பவும் முடியாது: விவிற்றார் 283இல் ஜப்பானில் செய்த ஆரம்பகாலப் பிளாஷ்கள் 200ஐத் தாண்டும், பிந்தியவை 10க்குள் நிற்கும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான்.

அளக்கும் விதம் இது. புதுப் பற்றரி போட்டு, ரெடி விளக்கு எரிந்த பிறகும் அரை நிமிடம் விடுங்கள். டிஜிற்றல் மல்ரிமீற்றரை டிசி 600இல் வைத்து, சிவப்பு முனையை நடுப்புள்ளியிலும் கறுப்பை அடியின் பக்கவாட்டு உலோகத்திலும் வையுங்கள். பிளாஸ்ரிக் அடியென்றால் காடிக்குள் ஒரு சின்ன வில்தகடு இருக்கும், அதுதான் இடம். ஒரே முனை இரண்டிலும் பட்டால் பிளாஷ் அடித்துவிடும், முகத்துக்கு நேரே பிடிக்காதீர்கள். மலிவான முள் மீற்றர் மின்னைத் தானே இழுத்துக் குறைத்துக் காட்டும். அதை நம்பிக் கமராவைப் பலி கொடுக்க வேண்டாம்.

6க்குள் என்றால் மாட்டலாம். 24 வரை என்றால் கமராவின் கைநூலைப் பாருங்கள். அதற்கு மேலே என்றாலோ, கழித்தல் குறி காட்டினாலோ நேரடியாக மாட்டவே கூடாது. பற்றரியைக் கழற்றினாலும் உள்ளே கப்பாசிற்றரில் 300 வோல்ற் அளவு தங்கி நிற்கும். அதனால் மூடியைத் திறக்கவும் வேண்டாம்.

கூடிய வோல்ற் பிளாஷுக்கு, கம்பியில்லாமல் அதை அடிக்க வைக்கும் றேடியோ ட்ரிகர் நல்லது; பிளாஷில் மாட்டும் றிசீவர் எவ்வளவு தாங்கும் என்று பார்த்து வாங்குங்கள். கமராவுக்கும் பிளாஷுக்கும் இடையில் மாட்டும் வெறும் சூ அடப்ரர் வோல்ற்றை அப்படியே கடத்திவிடும். ஒளியைக் கண்டு அடிக்கும் சிலேவ் என்றால் கமராவின் சொந்தப் பிளாஷை மனுவலில் வையுங்கள், இல்லாவிட்டால் படத்துக்கு முன் அது அடிக்கும் அளவு வெளிச்சத்துக்கே பழையது அடித்து முடிந்துவிடும்.

படம் எடுக்கும்போது ஷட்டர் 1/125, சைலன்ற் ஷட்டர் ஓவ். கனன் 200டி மார்க் 2இல் நடுப்புள்ளியே இல்லை, பழைய பிளாஷ் அதில் அடிக்காது. பழுதென்று நினைத்துப் பிளாஷைப் பிரித்துவிடாதீர்கள்.

கடைக்குக் கொண்டுவந்தால் அளந்து, அடியில் வோல்ற்றை எழுதி ஒட்டித் தருவோம். பற்றரியோடு கொண்டுவாருங்கள்.