சயாம் ரயில்: எந்த ஸ்டேஷனில் ஏறினார்கள் என்று எழுதி வைப்போம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற பள்ளி விடுமுறையில் என் பேத்தியைக் கூட்டிக்கொண்டு ரயிலிலேயே தாய்லாந்தின் ஹுவா ஹின் வரை போய்வந்தேன். மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் ஏறி, எல்லையில் பாடாங் பெசாரில் மாறி, மறுநாள் விடியற்காலையில் அந்தக் கடற்கரை ஊரில் இறங்கினோம். உங்களிடமும் வாசகர்களிடமும் எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது. அதற்கு முன்னால் பயணத்தையும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

என் தாத்தா, அப்பாவைப் பெற்றவர், சயாமுக்கு, அதாவது இன்றைய தாய்லாந்துக்கு, போய்த் திரும்பியவர். ரப்பர் தோட்டத்தில் பால் மரம் சீவிக்கொண்டிருந்தவரை ஜப்பான்காரன் காலத்தில், 1943-இல், சயாமிலிருந்து பர்மாவுக்கு ரயில்பாதை போடக் கொண்டுபோனார்கள். அப்போது அவருக்கு 28 வயது. என் அப்பாவுக்கு எட்டு. மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி சம்பளம் என்று சொல்லித்தான் ஏற்றினார்களாம். போர் முடிந்த பிறகுதான் அவர் வீடு வந்து சேர்ந்தார்.

எனக்கு 22 வயதாகும்போது தாத்தா இறந்தார். அத்தனை வருஷத்தில் சயாமைப் பற்றி அவர் சொன்னதை எல்லாம் சேர்த்தாலும் நோட்டில் ஒரு பக்கம் வராது. முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பின் மேல் அவருக்கு உள்ளங்கை அகலத்தில் ஒரு பள்ளம் இருக்கும். அந்த இடத்தில் முடி முளைக்காது. தோல் வெங்காயச் சருகு மாதிரி மெல்லிசாகப் பளபளக்கும். சின்ன வயதில் நான் அதில் விரலை வைத்து அழுத்திப் பார்ப்பேன். திட்டமாட்டார். "சயாம் புண்ணு" என்பார், அவ்வளவுதான்.

ரயிலைப் பற்றி மட்டும் இரண்டு விஷயம் சொல்லியிருக்கிறார். சாமான் ஏற்றும் இரும்புப் பெட்டியில் அடைத்தார்கள். எல்லோரும் ஒன்றாகப் படுக்க இடமில்லாமல் முறை வைத்துப் படுத்தார்கள். பகலில் இரும்பு சுடும், இராத்திரி குளிரும் என்பது ஒன்று. இன்னொன்று, ஓர் இராத்திரி கதவு இடுக்கு வழியாக உப்புக் காற்று அடித்தது. "கடல் பக்கத்துல இருக்குன்னு தெரிஞ்சுது. கண்ணுல படல" என்றார். எந்த ஊர் என்று அவருக்குத் தெரியாது.

நம் நாட்டுத் தண்டவாளமும் சயாம் தண்டவாளமும் பாடாங் பெசாரில் 1918-இல் இணைந்தன. இரண்டும் மீட்டர் கேஜ், அதாவது ஒரே அகலத் தண்டவாளம். அதனால்தான் சிங்கப்பூரில் ஏற்றிய பெட்டியைக்கூட அப்படியே சயாமின் பான் போங் வரை இழுத்துக்கொண்டு போக முடிந்தது. சும்போனைத் தாண்டிய பிறகு அந்தப் பாதை தாய்லாந்து வளைகுடாவை ஒட்டியே வடக்கே போகிறது. பிரச்சுவாப் கிரி கான், ஹுவா ஹின் எல்லாம் அந்தக் கரையில் இருக்கும் ஊர்கள். தாத்தா முகர்ந்த காற்று அங்கே ஏதோ ஓரிடத்தில் அடித்ததுதான். எனக்கு 68 வயது முடிந்துவிட்டது, இனியும் தள்ளிப்போட வேண்டாம் என்று கிளம்பினேன்.

ஈப்போவிலிருந்து வடக்கே மின்ரயில் ஓட ஆரம்பித்துப் பத்து வருஷமாகிறது. கோலகங்சார் தாண்டி பெராப்பிட் மலையைக் குடைந்த 3.3 கிலோமீட்டர் சுரங்கம், அப்புறம் புக்கிட் மேரா ஏரியின் குறுக்கே நீண்ட பாலம், பிறகு கெடாவின் வயல்வெளி. குளிரூட்டிய பெட்டியில் மைலோ குடித்துக்கொண்டு போனோம். பாடாங் பெசாரில் இரு நாட்டுக் குடிநுழைவு முகப்புகளும் ஒரே கட்டடத்துக்குள் இருக்கின்றன. ஒரு வாசலில் நுழைந்து மறு வாசலில் வந்தால் தாய்லாந்து. கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ள வேண்டும். 2016 வரை பட்டர்வொர்த்திலிருந்தே பேங்காக்குக்கு நேரடி ரயில் இருந்தது. இப்போது எல்லையில் இறங்கி, மாலை ஐந்து மணித் தாய்லாந்து ரயிலுக்காகக் காத்திருக்கத்தான் வேண்டும். முதியவர்களுக்கு அந்த நேரடி ரயில் எவ்வளவு வசதியாக இருந்தது! அதை மறுபடி விட்டால் நன்றாக இருக்கும்.

ஹாட்யாய் தாண்டியதும் பணியாளர் வந்து எதிரெதிர் இருக்கைகளை இழுத்துச் சேர்த்துப் படுக்கையாக்கினார். மேலே மடக்கியிருந்த படுக்கையைத் திறந்து இறக்கினார். வெள்ளை விரிப்பை உதறிப் போட்டு, நான்கு மூலையும் மெத்தைக்கு அடியில் செருகி, தலையணைக்கு உறை மாட்டி, போர்வையை வைத்துத் திரையை இழுத்துவிட்டார். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. கீழ்ப்படுக்கை எனக்கு, மேலே பேத்திக்கு.

அவள் மேலே ஏறாமல் நின்றுகொண்டு, "பாட்டி, எள்ளுத் தாத்தா போன பெட்டி எவ்ளோ பெரிசு?" என்று கேட்டாள். ஜப்பான்காரனிடம் போர்க்கைதிகளாகி அதே பாதையில் போனவர்கள் எழுதி வைத்த கணக்கு எனக்குத் தெரியும். ஏறத்தாழ 18 அடி நீளம், 8 அடி அகலம், அதற்குள் முப்பது பேர், நான்கைந்து நாள் பயணம். சொன்னேன். அவள் நடைவழியில் அடி வைத்து அளந்தாள். ஒன்பது எட்டில் 18 அடி முடிந்துவிட்டது. திரும்பி நின்று, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்த படுக்கைகளைக் கீழும் மேலுமாக எண்ணினாள். பிறகு ஒன்றும் பேசாமல் ஏறிப் படுத்தாள். பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு நான் வகுப்பறையில் முப்பது வருஷம் சொல்லித் தந்திருந்தாலும் அந்த ஒன்பது எட்டு தந்ததைத் தந்திருக்க முடியாது. ஹாட்யாய்க்கு வார இறுதியில் பஸ் எடுத்துப் போகும் பெற்றோர்களே, ஒரு தடவையாவது பிள்ளைகளை அந்த ரயிலில் ஏற்றி, இன்னும் வடக்கே கூட்டிப் போங்கள். கடப்பிதழோடு, தாய்லாந்தின் மின்னியல் வருகை அட்டையையும் கைப்பேசியில் முன்கூட்டியே நிரப்ப வேண்டும். வயதானவர்களுக்கு இதில் பிள்ளைகள் உதவுங்கள்.

எல்லையிலிருந்து ஹுவா ஹின் ஏறக்குறைய 760 கிலோமீட்டர். விடிகிற நேரத்தில் இறங்கினோம். 2023 டிசம்பரிலிருந்து ரயில்கள் உயரத்தில் கட்டிய புது ஸ்டேஷனில்தான் நிற்கின்றன. நடைமேடையில் நின்று மூச்சை இழுத்துப் பார்த்தேன். டீசல் வாடைதான் வந்தது. கீழே இறங்கினால் பழைய ஸ்டேஷன் அப்படியே இருக்கிறது. மரக் கட்டடம், சிவப்பும் வெளிர்மஞ்சளும் அடித்தது. பக்கத்தில் அரச குடும்பத்துக்கென்று இருந்த காத்திருப்பு மண்டபம். சயாம் மன்னர் ஏழாம் ராமா இந்த ஊரில்தான் கடலோர அரண்மனை கட்டினார். அதன் பெயருக்குக் 'கவலைக்குத் தொலைவில்' என்று பொருளாம். 1932-இல் புரட்சி நடந்தபோதுகூட அவர் அங்கேதான் இருந்தார். அந்த மண்டபத்தின் முன் எல்லோரும் நின்று படம் எடுக்கிறார்கள். எடுக்கட்டும், அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் தெற்கிலிருந்து வர அன்று இருந்தது இந்த ஒரே பாதை. தாத்தா இருந்த இரும்புப் பெட்டி இந்தக் கட்டடத்தைத் தாண்டித்தான் போயிருக்க வேண்டும். அங்கே ஒரு பலகையில் உட்கார்ந்துவிட்டேன். பேத்தி தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தாள்.

அப்புறம் கடலுக்கு நடந்தோம். பாதி வழியில், கடைகள் இன்னும் திறக்காத ஒரு தெருத் திருப்பத்தில், காற்று வந்தது. ஈரமாக, உப்பாக. கடல் அங்கிருந்து தெரியவில்லை, முன்னால் கட்டடம் மறைத்தது. பேத்திதான் முதலில் நின்றாள். கரைக்குப் போய்க் காலை நனைத்து, பாறைகளின் மேல் உட்கார்ந்தோம். ஹுவா ஹின் என்றால் கல் தலை என்று அர்த்தமாம், அந்தப் பாறைகளால் வந்த பெயர்.

அங்கிருந்து வடக்கே இன்னும் 150 கிலோமீட்டர் போனால் நோங் பிளா டுக். அங்கேதான் மரண ரயில்பாதை பிரிகிறது. பர்மாவின் தான்பியூசாயாட் வரை 415 கிலோமீட்டர். 1943 அக்டோபரில் முடித்தார்கள். போர்க்கைதிகளில் 12,000 பேருக்கு மேல் இறந்தார்கள். நம் ஆட்களையும் சேர்த்து ஆசியத் தொழிலாளர்களில் இறந்தவர்கள் 90,000 வரை இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கணிக்கிறார்கள். கணிக்கத்தான் முடிகிறது. சில வருஷத்துக்கு முன் சக ஆசிரியர்களோடு காஞ்சனபுரிப் போர்க் கல்லறைக்குப் போயிருந்தேன். ஏறத்தாழ 7,000 போர்க்கைதிகளுக்கு அங்கே வரிசை வரிசையாகக் கல் இருக்கிறது. பெயர், படைப்பிரிவு, இறந்த தேதி எல்லாம் பொறித்திருக்கிறார்கள். அவர்களுக்குள் சிலர் உயிரைப் பணயம் வைத்துப் பெயர்ப் பட்டியலை மறைத்து வைத்திருந்தார்கள். நம்மவர்களுக்கு யார் எழுதினார்கள்? தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் கிராணி (தோட்டத்து எழுத்தர்) செக்ரோலில், அதாவது வருகைப் பதிவேட்டில், குறித்துவிடுவார். காலையில் ஆட்கள் கூடும் பெரட்டுக்களத்தில் தினமும் பெயர் கூப்பிட்டார்கள். அதே ஆட்களை ரயிலில் ஏற்றியபோது பெயர் எழுத ஒருவரும் இல்லை.

என் வேண்டுகோள் இதுதான். வாரம் ஒரு நாள், உங்கள் நாளிதழில் கால் பக்கம் ஒதுக்குங்கள். சயாமுக்குக் கொண்டுபோகப்பட்டவரின் பெயர், தோட்டம், எந்த ஸ்டேஷனில் ஏற்றினார்கள், எந்த வருஷம், திரும்பினாரா இல்லையா. இந்த ஐந்து விவரம் போதும், கதையாக எழுத வேண்டியதில்லை. தெரியாததை வெறுமனே விட்டுவிடலாம். வாசகர்கள் அனுப்பட்டும், நீங்கள் அச்சிடுங்கள். போனவர்களில் அநேகம் பேர் இன்று இல்லை. ஆனால் ஸ்டேஷன் வரை அழுதுகொண்டே கூட நடந்த பிள்ளைகள் 85, 90 வயதில் இன்னும் சில வீடுகளில் இருக்கிறார்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். என் அப்பாவிடம் நான் எல்லாம் கேட்டு முடிப்பதற்குள் 2022-இல் அவர் போய்விட்டார்.

அவர் சொன்னது இவ்வளவு. ஏற்றியது சுங்கை சிப்புட் ஸ்டேஷன். எங்கள் லயத்திலிருந்து, அதாவது தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு வரிசையிலிருந்து, போனவர்கள் ஏழு பேர். திரும்பியது தாத்தாவும் இன்னொருவரும். அந்த ஏழில் ஐந்து பெயர்கள் எனக்குத் தெரியும். தனித்தாளில் எழுதி இந்தக் கடிதத்தோடு இணைத்திருக்கிறேன். மற்ற இரண்டு வரிகளைக் காலியாக விட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை,
சுங்கை சிப்புட், பேராக்.