நிரந்தர லைசன்ஸ் வைத்திருப்போர் கவனத்துக்கு

ஆசிரியருக்கு,

யாழ்ப்பாணத்து அச்சகங்களில் கல்வெட்டு (இறந்தோர் நினைவு மலர்), கோயில் மலர், கலியாண அழைப்பிதழ் எல்லாம் நெடுங்காலம் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளிலும் பழைய போட்டோஷொப்பிலும்தான் வடிவமைக்கப்பட்டன. அவற்றைக் காசு கொடுத்து, நிரந்தர லைசன்ஸுடன் வாங்கியவர்களும் உண்டு. இன்று மாட்டுப்படுபவர்கள் அவர்கள்தான். திருட்டுப் பிரதி வைத்திருப்பவருக்கு இந்தத் தலையிடி இல்லை.

லைசன்ஸ் காலாவதியாவதில்லை. ஆனால் பல மென்பொருள்களை நிறுவும்போது, தயாரித்த நிறுவனத்தின் சேர்வர் இணையவழி அனுமதி தரவேண்டும். போட்டோஷொப் அடங்கிய அடோபி சிஎஸ்2, சிஎஸ்3 தொகுப்புகளுக்கான சேர்வர்கள் நிறுத்தப்பட்டுவிட்டன. அசல் சீடியும் சீரியல் இலக்கமும் இருந்தும் அவற்றை இனிப் புதிதாக நிறுவ முடியாது. 2012இல் வந்த சிஎஸ்6 அந்த வரிசையில் கடைசி. பேஜ்மேக்கருக்குப் பின்வந்த அடோபியின் பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில், பேஜ்மேக்கர் கோப்பைத் திறக்கும் கடைசிப் பதிப்பும் சிஎஸ்6தான். அது ஓடும் கணினியின் மதர்போட் எரிந்தால் பழைய பேஜ்மேக்கர் கோப்புகளைத் திறப்பதும் சிக்கலாகிவிடலாம்.

எனவே கணினி பழுதாகுமுன்பே முழு ஹாட் டிஸ்கையும் குளோன்சில்லா போன்ற இலவச மென்பொருளால் இமேஜாக (டிஸ்கின் அச்சொட்டான முழுப் பிரதியாக) வெளி டிஸ்கில் எடுத்து வையுங்கள். புரோகிராம் ஃபோல்டரை மட்டும் பிரதி எடுத்துப் பயனில்லை. லைசன்ஸ் விபரம் வேறிடங்களில், சில மென்பொருள்களில் கோப்புகளைப் பிரதி எடுக்கும்போது வராத டிஸ்கின் தொடக்க செக்டர்களில்கூட, பதிந்திருக்கும். அதே கணினியில் டிஸ்க் பழுதானால் இந்த இமேஜ் பெரும்பாலும் கைகொடுக்கும்; மதர்போட் மாறினால் மென்பொருள் திரும்ப அனுமதி கேட்கக்கூடும். சேர்வர் இன்னும் இயங்கும் மென்பொருளென்றால் ஃபோர்மற் பண்ணுமுன் உதவி மெனுவில் ‘டீஅக்டிவேற்’ (அனுமதியை விடுவித்தல்) கொடுக்க மறக்கவேண்டாம். இல்லாவிட்டால் அனுமதித்த இரண்டு கணினிகளில் ஒன்று வீணாகக் கணக்கில் நிற்கும்.

பேஜ்மேக்கர் கோப்புகளை சிஎஸ்6 இன்டிசைனில் திறந்து ஐடிஎம்எல் என்ற கோப்பு வடிவில் சேமித்தால் புதிய இன்டிசைனிலும் இலவசப் பக்க வடிவமைப்பு மென்பொருளான ஸ்கிரைபஸிலும் திறக்கலாம். பக்க அமைப்பு கொஞ்சம் குலையும். பாமினி எழுத்துருவை உட்பொதித்த பிடிஎஃப் ஒன்றும் கூடவே வேண்டும். எழுத்துரு இல்லாத கணினியில் எழுத்தெல்லாம் ஆங்கிலக் கிறுக்கலாகத்தான் தெரியும்.

கலிபோர்னியாவில் 2025 ஜனவரி 1 முதல், விற்பது உடைமையல்ல, லைசன்ஸ் மட்டுமே என்பதை டிஜிட்டல் பொருள் விற்பவர் தெளிவாகச் சொல்லவேண்டும். நமது பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையும் ஒரு படி மேலே போய், மென்பொருள் இயங்க சேர்வர் அனுமதி தேவையா என்பதைப் பற்றுச்சீட்டிலேயே எழுதும்படி விற்பனையாளருக்குப் பணிக்கலாம். மலிவாக ‘லைஃப்ரைம்’ என்று விற்கப்படும் மைக்ரோசொஃப்ட் ஒஃபிஸ் கீகளையும் (மென்பொருளைச் செயற்படுத்தும் இலக்கங்கள்) அப்போது கவனிக்கட்டும். அவற்றில் பல, நிறுவனங்களுக்கென மொத்தமாகக் கொடுக்கப்பட்ட கீகள். எந்த நேரமும் முடக்கப்படலாம்.

அச்சக வடிவமைப்பாளர்கள் சிலர்,
யாழ்ப்பாணம்.