காகத்துக்கு வைத்த சோறும் கொயோட்டியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ரொறன்ரோவின் ஸ்காபரோவில் வீடுகளுக்குப் பின்னால், ஓநாய்க்கு இனமான கொயோட்டிகள் திரிவதைப் பற்றிச் சென்ற இதழில் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். பிடித்துக்கொண்டுபோய்க் காட்டில் விட வேண்டும், இல்லாவிட்டால் சுட வேண்டும் என்பது அவர் கருத்து. சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் அந்தப் பயம் வரத்தான் செய்யும். எனக்கும் இரண்டு பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள்.

என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். அம்மா காலமானதிலிருந்து ஒவ்வொரு அமாவாசைக்கும் பின்வளவில், வேலியோரம், காகத்துக்குச் சோறு வைத்துவந்தேன். பனிக்காலத்தில் காகம் ஒவ்வொரு முறையும் வராது. ஆனாலும் மறுநாள் பார்த்தால் இலை வெறுமையாகக் கிடக்கும். அணில் தின்றிருக்கும் என்று விட்டுவிடுவேன். ஒரு மாசி மாதம் விடியப்புறம் குசினி யன்னலால் பார்த்தபோதுதான் விளங்கியது. சாம்பலும் மண்ணிறமும் கலந்த மயிர், நுனி கறுத்த வால். வாழையிலைத் துண்டை முன்காலால் அமத்திப் பிடித்து நக்கிக்கொண்டு நின்றது கொயோட்டி. யன்னலில் தட்டினேன். தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்துவிட்டு மறுபடியும் குனிந்து நக்கியது.

அது ஓடாமல் நின்றதுதான் என்னை உலுப்பிவிட்டது. மனிதரைக் கண்டு ஒதுங்க வேண்டிய பிராணிக்கு அந்தப் பயத்தைப் போக்கியது என் சோறு.

வான்கூவர் ஸ்ரான்லி பூங்காவில் நடந்ததைப் பலரும் மறந்திருப்பார்கள். 2020 டிசம்பரிலிருந்து 2021 கோடை முடிவதற்குள் அங்கே 40 பேருக்கு மேல் கடிபட்டார்கள். கடைசியில் 11 கொயோட்டிகளைக் கொன்றார்கள். வருகிறவர்கள் தீனி போட்டுப் பழக்கியது அதற்கு ஒரு முக்கிய காரணம். போட்டவர்கள் இரக்கத்தில்தான் போட்டிருப்பார்கள்.

பிடித்துத் தூரத்தில் விடுவதற்கு ஒன்ராறியோச் சட்டம் இடம் தராது. பிடித்த இடத்திலிருந்து ஒரு கிலோமீற்றருக்குள்ளேயே விட வேண்டும். கொன்றாலும் வெறுமையான இடத்துக்கு இன்னொன்று வந்துவிடும். றூஜ் பூங்காவிலிருந்து ஹைட்ரோ லைன் (மின்கம்பிகள் போகும் வெட்டவெளி) வழியாகவும் ஓடைப் பள்ளங்கள் வழியாகவும் அவற்றுக்குப் பாதை திறந்தே கிடக்கிறது. வருகிற புதியதுக்கும் அதே சோறு கிடைத்தால் அதே பிரச்சினைதான். எலியையும் முயலையும் பிடித்துத் தின்று அவை தம் பாட்டில் இருக்கும். நாங்கள் குறுக்கே போகாமல் இருந்தால் போதும்.

2009இல் கேப் பிரெட்டனில் ரொறன்ரோப் பாடகி டெய்லர் மிட்செல் கொயோட்டிகள் தாக்கி இறந்ததை நான் மறக்கவில்லை. கனடாவில் அப்படி ஒரு சாவு அந்த ஒருமுறைதான் பதிவாகியிருக்கிறது. அதற்காகக் கவனமில்லாமல் இருக்கவும் முடியாது. எதிரே கண்டால் முதுகு காட்டி ஓடக் கூடாது, ஓடினால் துரத்தும். சின்னப் பிள்ளையையும் சின்ன நாயையும் தூக்கிக்கொள்ளுங்கள். கைகளை உயர்த்திப் பெரிய குரலில் கத்தியபடி, அதைப் பார்த்தபடியே பின்வாங்குங்கள். வசந்த காலத்தில் குட்டிகள் இருக்கும். அப்போது நாயோடு நடப்பவர்களின் பின்னால் கொஞ்சத் தூரம் வரும். குட்டிகளிடமிருந்து உங்களை அப்புறப்படுத்தத்தான் அப்படி வருகிறது. நாயைக் கயிற்றில் பிடித்தபடி வேறு பாதையால் போய்விடுங்கள்.

யன்னலால் அதைக் கண்ட அன்று நான் சில்வர் தட்டையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு கதவைத் திறந்து, அது வேலி தாண்டும் வரை அடித்துக்கொண்டே கத்தினேன். மேலும் இரண்டு நாள் வந்தது. சோறும் இல்லை, தட்டுச் சத்தமும் ஓயவில்லை. அதற்குப் பிறகு எங்கள் வளவில் அதைக் காணவில்லை.

2023 ஏப்ரலிலிருந்து ரொறன்ரோவில் சொந்த வளவிலும் காட்டு விலங்குகளுக்குத் தீனி வைப்பது சட்டப்படி குற்றம். எங்கள் ஆட்களில் பலருக்கு இது தெரியாது. மிஞ்சின சோற்றையும் கோழி எலும்பையும் 'வாயில்லாச் சீவன் தின்னட்டும்' என்று வேலியோரம் கொட்டுகிறவர்களை எனக்குத் தெரியும். அதையெல்லாம் சாப்பாட்டுக் கழிவு போடும் கிறீன் பின்னுக்குள் போட்டுப் பூட்டுங்கள். மரத்தடியில் விழுந்த பெயார்ஸ் பழங்களையும் பொறுக்கிவிடுங்கள்.

இப்போது அம்மாவின் படத்துக்கு முன்னால் படைப்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். வரும் ஆடி அமாவாசைக்குக் கோயில்கள் அடிக்கும் நோட்டீசில், சோற்றை வெளியே வைக்க வேண்டாம் என்று ஒரு வரி சேர்ப்பார்களா? உங்கள் பத்திரிகையும் அதைப் பெட்டிச் செய்தியாகப் போட வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஸ்காபரோ வாசகி ஒருவர்