ஒரு காலா, இரண்டு காலா

கண்ணு,

இங்கே எல்லோரும் நலம். உன் நலமறிய ஆவல். கடிதத்துக்குக் கடிதம் கை தானாக எழுதும் வரிதான், இந்தத் தடவை யோசித்து எழுதியிருக்கிறேன்.

நேற்று நல்ல மழை. வழக்கம்போலச் சாக்கடை ரோட்டுக்கு வந்துவிட்டது. வெள்ளி விலை ஏறியதில் கடைக்காரர்கள் கொலுசு ஆர்டரைப் பாதியாகக் குறைத்துவிட்டார்கள். உன் தம்பி டிரைவிங் லைசென்ஸ் வாங்கிவிட்டான், மூன்றாவது தடவையில்.

அப்புறம், அம்மா எனக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறாள். கோட்டை மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டாளாம். வெள்ளித் தகட்டில் கால் செய்து தர வேண்டுமாம். யாருக்கு என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. "ஒரு காலா, ரெண்டு காலா?" என்று மட்டும் கேட்டேன். அவளுக்குத் தெரியவில்லை. தகடு மூன்று நாளாகப் பட்டறையில் அப்படியே கிடக்கிறது.

ஆடிப் பண்டிகைக்கு நீ வந்துபோனதை இன்னும் தெருவில் பேசுகிறார்கள். 118 கிலோவிலிருந்து 81. தையில் வயிற்றைச் சின்னதாக்கும் ஆபரேஷன், ஆடியில் ஆளே வேறு. பெரியம்மா உன்னை இரண்டு சுற்று சுற்றிவந்து பார்த்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. எனக்கும் பெருமைதான், இல்லை என்று சொல்லமாட்டேன். பட்டறையில் போட்டோவைக் காட்டாத ஆள் பாக்கி இல்லை.

ஆனால் குகைப் பகுதியில் சாமி வேஷக்காரர்கள் வரும் வண்டி வேடிக்கையைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது உன் இடது செருப்பு மூன்று தடவை கழன்றது. மூன்றாவது தடவை அதைக் கையில் எடுத்துக்கொண்டாய். "புதுச் செருப்பு, லூஸ்ப்பா" என்றாய். சரி, கால் இளைத்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம் வீட்டுக்குள் வெறுங்காலோடு நடந்தாயே, அதைக் கேட்டேன். வலது கால் சத்தமில்லாமல் ஊன்றுகிறது. இடது கால் தரையில் தப்பென்று அறைகிறது. நாற்பது வருஷமாக அடுத்தவர் காலுக்கு வேலை செய்கிறவன், கொலுசு இல்லாத கால் நடந்தாலும் காது அங்கேதான் போகும். அம்மா வேறு ஒன்று சொன்னாள். ராத்திரி இரண்டு பாதத்தையும் ஈரத்துண்டில் சுற்றிக்கொண்டு படுத்திருந்தாயாம்.

அதிலிருந்து போனில் முகம் மட்டும்தான் காட்டுகிறாய். கேட்டால் "மீட்டிங்ப்பா, அப்புறம் பேசறேன்." அதனால்தான் எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை சுகர் மாத்திரை எழுதி வாங்க நம்ம டாக்டரிடம் போயிருந்தேன். சொந்தத்தில் ஒரு பெண் என்று பொய் சொல்லி விசாரித்தேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "ஒரு காலா, ரெண்டு காலா?" எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

முழங்காலுக்கு வெளிப்பக்கம், கொஞ்சம் கீழே, ஒரு எலும்பு முண்டு இருக்கும். தொட்டுப் பார். பாதத்தை மேலே தூக்க வைக்கும் நரம்பு அதற்குச் சற்றுக் கீழே எலும்பைச் சுற்றிக்கொண்டு போகிறதாம். அதற்கு மேலே இருப்பது தோலும் கொஞ்சம் கொழுப்பும்தான். எடை மளமளவென்று இறங்கினால் அந்தக் கொழுப்பும் கரைந்துவிடும். அப்புறம் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தாலே நரம்பு எலும்போடு சேர்ந்து நசுங்கும். பாதம் தொங்கும், செருப்பு கழலும். பெரும்பாலும் ஒரு காலில்தான் வருமாம்.

ஞாபகம் இருக்கிறதா, பண்டிகைக்கு வந்த அன்று நாற்காலியில் உட்கார்ந்து, "அப்பா, இங்கே பாரு, எனக்குக் கால்மேல கால் போட வருது" என்று காட்டினாய். முப்பத்திரண்டு வயதில் முதல் தடவை. நானும் கை தட்டினேன். இனிமேல் போடாதே கண்ணு. ஆபீஸில் கூடப் போடாதே. தரையில் குத்தவைத்து ரொம்ப நேரம் உட்காராதே. மெருகு போடும் மாமாவுக்கு இதுதான் வந்தது, ஒரு காலை மடித்து உட்கார்ந்தே வேலை செய்ததில். அவர் காலை விசிறி விசிறி நடந்ததை நீ நடித்துக்கூடக் காட்டுவாய். ஸ்டூலுக்கு மாறிய பிறகு எட்டு மாதத்தில் சரியாகிவிட்டது. இப்போது பஸ் பிடிக்க ஓடுகிறார்.

இரண்டு காலும் எரிந்தால், மரத்துப்போனால், அது வேறு கணக்காம். பெரும்பாலும் சத்து போதவில்லை என்று அர்த்தம். வைட்டமின் பி12 ஈரலில் வருஷக்கணக்குக்குச் சேமிப்பில் இருக்குமாம். வயிற்றை வெட்டிச் சின்னதாக்கிய பிறகு சாப்பாட்டிலிருந்து அதைப் பிரித்து எடுத்துக்கொள்ளும் சக்தி குறைவதால் சேமிப்பு மெல்ல மெல்லக் கரையும். (நான் போடும் சுகர் மாத்திரையும் அதைக் குறைக்குமாம். எனக்கும் சேர்த்து டெஸ்ட் எழுதிவிட்டார்.) பி1 அப்படி இல்லை. இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் உடம்பில் நிற்காது. ஜாவாவில் எய்க்மான் என்று ஒரு டாக்டர், தீட்டிய அரிசிச் சோறு தின்ற கோழிகள் கால் விளங்காமல் விழுந்ததைப் பார்த்துத்தான் இந்த விஷயத்தின் நுனியைப் பிடித்தாராம். 1929-ல் நோபல் பரிசு கொடுத்தார்கள். நம்ம புழுங்கல் அரிசியில் நெல்லை அவிக்கும்போதே தவிட்டில் இருக்கும் பி1 சத்து உள்ளே இறங்கிவிடும், அதனால் தப்பித்தோம் என்றார். நீ இப்போது நாலு வாய் சாப்பிடுகிறாய். எந்த அரிசியாக இருந்தால் என்ன.

தொடர்ந்து வாந்தி எடுத்தவர்களுக்கு இந்த பி1 சீக்கிரமே காலியாகிவிடுமாம். "அந்தப் பொண்ணுக்கு வாந்தி இருந்ததா?" என்று கேட்டார்.

தெரியாது என்று சொல்லிவிட்டேன்.

எனக்குத் தெரியும். மாசி மாதம் ஒரு ராத்திரி நீ போன் பண்ணினாய். மூன்று வாரமாக வாந்தி, இப்போது தண்ணீர்கூட நிற்கவில்லை, பயமாக இருக்கிறது என்றாய். நான் என்ன சொன்னேன்? "என்ன, இன்னும் மலை ரோட்டில் ஒன்பதாவது வளைவைத் தாண்டலையா?" என்றேன். நீயும் சிரித்தாய். அதோடு நிறுத்தியிருக்கலாம். "இளைக்கத்தானே போனே, வந்தா வரட்டும்" என்றும் சொன்னேன். அந்த வாரம் மட்டும் நாலு கிலோ குறைந்திருந்தது. அதைக் கேட்டு எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். மகள் தண்ணீர் நிற்கவில்லை என்கிறாள், நான் கிலோ எண்ணிக்கொண்டிருந்தேன். அதற்கப்புறம் நீ வாந்தி என்ற பேச்சையே எடுக்கவில்லை. நின்றுவிட்டது போலிருக்கிறது என்று நானே முடிவு பண்ணிக்கொண்டேன்.

உனக்குப் பதினாலு வயதில் கொலுசு அளவு எடுத்தபோது, பட்டறை ஆட்கள் முன்னால் "இன்னும் நாலு கண்ணி சேர்க்கணும் போல" என்று சொன்னதும் இதே வாய்தான். அந்தக் கொலுசை நீ ஒருநாள்கூடப் போடவில்லை. டிசைன் பிடிக்கவில்லை என்று அம்மா சொன்னாள். நானும் டிசைனை மாற்றினேன்.

சரி, செய்ய வேண்டியதை எழுதுகிறேன். பெரிய ஆஸ்பத்திரியில் நரம்பு டாக்டரைப் பார். ஆபரேஷன் செய்துகொண்டதை முதல் வார்த்தையாகச் சொல். பி1, பி12, தாமிரம் மூன்றையும் அவர் கவனிக்க வேண்டும். முடி கொட்டுகிறது என்று துத்தநாக மாத்திரை போட்டுக்கொண்டிருந்தாயே, அதையும் சொல். அது கூடினால் தாமிரம் குறையுமாம். கரண்ட் வைத்து நரம்பு ஓட்டம் பார்ப்பார்கள், சுருக்கென்று இருக்கும், அவ்வளவுதான். மறுபடி வாந்தி வந்தால் ஒருநாள்கூடக் காத்திருக்காதே. அங்கே குளுக்கோஸ் டிரிப் ஏற்றப் போனால், முதலில் பி1 ஊசி போடச் சொல்லிக் கேள். இதை டாக்டர் இரண்டு தடவை சொன்னார். எரிச்சலுக்கு வெந்நீர்ப் பை வைக்காதே, மரத்த காலுக்குச் சூடு தெரியாது. வெறுங்காலோடு நடக்காதே. கால்மேல் கால் போடாதே. அம்மா உனக்கு அனுப்ப எண்ணெய் காய்ச்சி வைத்திருக்கிறாள். எண்ணெய் வரும், தடவிக்கொள், அதை நம்பி உட்கார்ந்துவிடாதே.

பாதம் தொங்காமல் இருக்க ஷூவுக்குள் வைக்கும் பிளாஸ்டிக் பட்டை கொடுப்பார்களாம். பேன்ட் போட்டால் வெளியே தெரியாது. நரம்பு அறுந்தமாதிரி கெட்டிருந்தாலும் ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் வளருமாம். கேட்கக் கொஞ்சமாகத்தான் இருக்கிறது. கம்பி இழுக்கிற எனக்கு ஒரு மில்லிமீட்டர் எவ்வளவு என்று தெரியும்.

உங்கள் வீட்டில் ஆபரேஷன் விஷயத்தைச் சொல்லவில்லை என்பதும் தெரியும். வாக்கிங் போய் இளைத்ததாக உன் மாமியார் இங்கே அம்மாவிடமே சொன்னார். அம்மா தலையாட்டிவிட்டு வந்தாள். காலைச் சொன்னால் அதுவும் வெளியே வரும் என்று பார்க்கிறாய். மாப்பிள்ளைக்குத் தெரியும்தானே, அவரைக் கூட்டிக்கொண்டு போ. அவருக்கு லீவு இல்லை என்றால் நான் வருகிறேன். புனேவுக்கு ரயில் பார்த்து வைத்திருக்கிறேன். மாமியார் கேட்டால், கொலுசு டெலிவரிக்கு வந்தேன் என்பேன். எனக்குப் பொய் நன்றாகவே வருகிறது, டாக்டரிடமே பார்த்தாயே.

பெரிதாக ஒன்றும் எழுத வேண்டாம். போனில் பேசக் கஷ்டமாக இருந்தால் பேசவும் வேண்டாம். தகட்டை வெட்ட வேண்டும், அம்மா தினமும் கேட்கிறாள். ஒன்றா, இரண்டா என்று மட்டும் அனுப்பு.

அப்பா