மஹாலியா ஜாக்சனின் பாட்டை அதன் முடிவு வரை கேட்க விடுங்கள்

பழைய இசைத்தட்டுகளை மறுவெளியீடு செய்யும் நிறுவனங்களுக்கும் இணைய இசைச் சேவைகளின் பட்டியல் பொறுப்பாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியோருக்கு,

வணக்கம். அமெரிக்கப் பாடகி மஹாலியா ஜாக்சன் 1947 செப்டம்பரில் அப்பல்லோ இசைத்தட்டு நிறுவனத்துக்காகப் பாடிப் பதிவு செய்த 'மூவ் ஆன் அப் எ லிட்டில் ஹையர்' என்ற காஸ்பெல் பாடலை (அமெரிக்கக் கறுப்பினத் தேவாலயங்களின் கிறிஸ்தவ பக்திப் பாடலை) நீங்கள் வெளியிட்டுவரும் முறை குறித்தே இம்மடலை எழுதுகிறேன். உங்கள் பட்டியல்களில் இந்த ஒரே பெயரின்கீழ் வெவ்வேறு பதிவுகள் இடம்பெற்றுள்ளன. எது எந்த ஆண்டுப் பதிவு, எது முழுமையானது, எது பாதியில் நிற்பது என்ற விவரம் எதையும் தராமல் அவற்றை வெளியிடுவதால், கேட்பவர்களில் பலருக்கு அந்தப் பாட்டின் முடிவே வந்து சேர்வதில்லை.

நிமிடத்துக்கு 78 சுற்றுகள் சுழலும் 10 அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ 3 நிமிடங்களே அடங்கும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. இந்தப் பாட்டு அதற்குள் அடங்காது என்பதால், அதை முதற்பகுதி, இரண்டாம் பகுதி என்று பிரித்துத் தட்டின் இரு பக்கங்களிலும் பதித்தார்கள். ஆகவே முதற்பகுதியின் இறுதியில் நாம் கேட்பது பாட்டின் முடிவு அன்று. தட்டில் இடம் தீர்ந்துபோனதால் நேர்ந்த நிறுத்தம். அன்று அதை வாங்கியவர் முள்ளைத் தூக்கி, தட்டைத் திருப்பிப் போட்டு, விட்ட இடத்திலிருந்து கேட்டார். இன்று கேட்பவருக்குத் திருப்பிப் போட மறுபக்கம் ஒன்று இருப்பதையே நீங்கள் சொல்வதில்லை.

வேறு பாட்டாக இருந்திருந்தால் நான் இவ்வளவு வற்புறுத்தியிருக்க மாட்டேன். மெம்ஃபிஸ் நகரில் போதகராக இருந்த டபிள்யூ. ஹெர்பர்ட் ப்ரூஸ்டர் இதை இயற்றிய விதமே முடிவை நோக்கிப் படிப்படியாக ஏறிச் செல்லும் விதம். சிலுவையை இறக்கி வைத்துக் கிரீடத்தைப் பெறும் ஒரு காலையைச் சொல்லித் தொடங்கும் பாட்டு, 'இன்னும் சற்று மேலே' என்று ஒவ்வொரு படியாக ஏறி, விவிலியத்தில் வரும் தானியேல், எபிரெய இளைஞர்கள், பவுல், சீலா, பிறகு உற்றார் உறவினர், பெற்ற தாய் என்று ஒவ்வொருவராகச் சந்தித்துக்கொண்டே போகிறது. பிரிவே இல்லாத அந்த விண்ணுலகை அடைந்த பிறகுதான் பாடுபவர் கேட்பவரை நோக்கித் திரும்பி, 'அந்த அதிகாலையில் நீ அங்கே இருப்பாயா?' என்று மீண்டும் மீண்டும் கேட்கிறார். அதுவரை தன் பயணத்தைச் சொல்லி வந்த குரல் நம்மிடம் பதில் கேட்கத் தொடங்கும் இந்த இடத்துக்காகவே மற்ற அடிகள் எல்லாம் எழுதப்பட்டவை என்பது என் உறுதியான எண்ணம். கறுப்பின மக்கள் இம்மண்ணிலேயே கல்வியிலும் தொழிலிலும் மேலேற வேண்டும் என்பதையும் உள்ளத்தில் வைத்தே இதை எழுதியதாக ப்ரூஸ்டர் பிற்காலத்தில் கூறியிருக்கிறார். அப்படிப்பட்ட பாட்டை ஏற்றத்தின் நடுவில் நிறுத்துவது அதன் பொருளையே குறைப்பதாகும்.

நான் வாங்கிய ஒரு தொகுப்பில் முதற்பகுதி மட்டுமே இருந்தது. பகுதி என்ற சொல்கூட உறையில் இல்லை. மற்றொன்றில் இரு பகுதிகளையும் ஒட்டியிருந்தார்கள். ஆனால் ஒட்டு தெரியாமல் இருப்பதற்காக முதற்பகுதியின் கடைசி நொடிகளில் ஒலியைப் படிப்படியாகத் தேய்த்துவிட்டதால், பியானோவும் ஆர்கனும் குரலோடு சேர்ந்து நிற்கும் இடம் காணாமல் போயிருந்தது. ஒட்டுவதையே நான் குறை சொல்லவில்லை. இடையில் எழுந்து போகாமல் ஒரே மூச்சில் கேட்பது இப்பாட்டுக்கு நல்லதுதான். எதையும் வெட்டாமல் ஒட்டுங்கள், ஒட்டியிருப்பதைச் சொல்லுங்கள்.

இன்னொரு குழப்பமும் உண்டு. 1954இல் கொலம்பியா நிறுவனத்துக்கு மாறிய மஹாலியா, மில்ட்ரெட் ஃபால்ஸின் பியானோ துணையுடன் இதே பாட்டை மீண்டும் பதிவு செய்தார். நீண்ட நேரம் ஓடும் தட்டுகள் வந்துவிட்ட காலம் என்பதால் அதில் பக்கம் திருப்பும் தேவை இல்லை, ஒலியும் தெளிவானது. இருந்தாலும், தட்டின் இரு பக்கங்களுக்குள் அடக்கிப் பாட வேண்டியிருந்த 1947 பதிவில் இருக்கும் நெருக்கமும் அவசரமும் இதில் இல்லை என்றே எனக்குப் படுகிறது. இரண்டில் எது மேல் என்பது கேட்பவர் முடிவு செய்ய வேண்டியது. ஆனால் கொலம்பியாப் பதிவுக்கு 1947 என்று ஆண்டு போட்டால் அவர் எதை வைத்து ஒப்பிடுவார்? அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் தன் தேசிய ஒலிப்பதிவுப் பதிவேட்டில் 2005இல் சேர்த்தது அப்பல்லோ தட்டைத்தான்.

இது எங்கோ தொலைவில் உள்ளவர்களின் கவலை மட்டுமன்று. தம் மறைவுக்கு முந்தைய ஆண்டான 1971இல் மஹாலியா இந்தியாவுக்கு வந்தபோது, தில்லி, கல்கத்தா, பம்பாய் நகரங்களோடு சென்னையிலும் பாடினார். அவர் குரலைத் தேடிக் கேட்பவர்கள் இங்கும் இருக்கிறோம்.

ஆகவே, ஒவ்வொரு பதிவுக்கும் பதிவான ஆண்டு, நிறுவனம், உடன் வாசித்தவர் ஆகிய விவரங்களைத் தருமாறும், முதற்பகுதியைத் தனித்து வெளியிட்டால் அதைத் தலைப்பிலேயே குறிப்பிடுமாறும், ஒட்டிய வடிவத்தோடு தட்டின் இரு பக்கங்களையும் வெட்டாமல் தனித்தனியே கேட்க வழி செய்யுமாறும் வேண்டுகிறேன். பாதிப் பாட்டை முழுப் பாட்டு என்று நம்பி ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு, இரண்டாம் பகுதியைக் கட்டணமின்றிச் சேர்த்துக் கொடுங்கள்.

இப்படிக்கு,
காஸ்பெல் இசைத்தட்டுகளை நேசிக்கும் ஒரு தமிழ் நேயர்