ஹெரோயினால் மூச்சு நிற்கிறவருக்கு மூக்கில் அடிக்கிற நலொக்சோன் மருந்து எங்கள் பாமசிகளுக்கு எப்போது வரும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

கோண்டாவிலில் 22 வருடமாக ஓட்டோ ஓடுகிறேன். உங்கள் பத்திரிகை காலையில் எங்கள் தரிப்பிடத்துக்கு ஒன்று வரும். மத்தியானத்துக்குள் ஆறேழு பேரின் கை பட்டு, வடை சுற்றின கடதாசி மாதிரி ஆகிவிடும். ‘அளவுக்கு மீறிய போதை: இளைஞன் பலி’ என்று செய்தி வந்தால் மட்டும் ஒருவரும் அதைச் சத்தமாக வாசிப்பதில்லை. எந்த ஊர், ஆருடைய பிள்ளை என்று பார்த்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிடுவோம். நானும் அப்படித்தான் இருந்தேன், கடந்த வைகாசி வரைக்கும்.

அன்று இரவு ஒன்பதரை இருக்கும். கடைசி ஹயர் முடித்து வீட்டுக்குக் கிளம்புகிற நேரம், இரண்டு பெடியள் ஓடிவந்தார்கள். “அண்ணை, ஒருக்கா வாங்கோ, கூட்டாளிக்கு ஏலாமல் கிடக்கு” என்றார்கள். ஒழுங்கை முடிவில் ஒரு வெறுங்காணி, பூவரசம் வேலி. அதற்குள் இன்னொரு பெடியன் மல்லாந்து கிடந்தான். வயது இருபது, இருபத்தொன்றுக்கு மேல் இராது. சேட்டெல்லாம் ஈரம். ஒரு போத்தல் தண்ணீரைத் தலையில் ஊற்றியிருக்கிறார்கள். தேசிக்காயும் தேய்த்திருக்கிறார்கள், பாதித் தேசிக்காய் பக்கத்தில் கிடந்தது.

உண்மையைச் சொன்னால், நான் திரும்பி வந்திருப்பேன். பெடியன் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். நல்லாய் ஏற்றிவிட்டுப் படுக்கிறான், விடிய எழும்புவான் என்றுதான் நினைத்தேன். போன் வெளிச்சத்தை முகத்தில் பிடித்தபிறகுதான் பார்த்தேன், உதடு நாவற்பழம் தின்ற பிள்ளையின் உதடு மாதிரி இருந்தது. நகக்கண்ணும் அதே நிறம். ஒரு குறட்டைக்கும் அடுத்த குறட்டைக்கும் இடையில் எண்ணிப் பார்த்தேன், பதினொன்று வரை போனது. 1990 அம்புலன்சுக்கு ஏனடா அடிக்கவில்லை என்று கேட்டேன். “பொலிஸ் வரும் அண்ணை” என்றான் ஒருவன். மற்றவன் அழுதுகொண்டிருந்தான்.

தூக்கிப் பின்சீற்றில் போட்டுக்கொண்டு பலாலி வீதியால் விட்டேன். திருநெல்வேலிச் சந்தியில் “மூச்சு விடுறானோ?” என்று கேட்டேன். “விடுறான் அண்ணை.” பரமேஸ்வராவில் கேட்டேன், “இருக்கு, இருக்கு.” கந்தர்மடத்தில் கேட்டபோது பின்னால் இருந்து பதில் வரவில்லை. நான் திரும்பிப் பார்க்கவும் இல்லை. பெரியாஸ்பத்திரி வாசலில் ஆட்கள் வந்து வாங்கினார்கள். முகத்தில் மாஸ்க்கை வைத்து, பலூன் மாதிரி ஒன்றை அமத்தி அமத்திக் காற்றுக் கொடுத்தார்கள். ஒரு ஊசி போட்டார்கள். நான் ஓட்டோவை ஓரமாய் விட்டுவிட்டு உள்ளே போகிறேன், அந்தப் பெடியன் எழும்பி இருந்து தூஷணத்தால் பேசிக்கொண்டிருக்கிறான்! தன்னை ஏன் கொண்டுவந்தது என்று எனக்கும் நாலு விழுந்தது. சேலைன் குழாயைப் பிடுங்கிக்கொண்டு வெளிக்கிடப் பார்த்தவனை ஒரு தாதிதான் மறித்தார். “தம்பி, இந்த மருந்து ஒரு மணித்தியாலத்தில குறைஞ்சிடும். நீ போட்டது அதுக்குப் பிறகும் உடம்பில நிற்கும். றோட்டில போய்த் திரும்ப விழப்போறியோ?”

மருந்தின் பெயரை அவரிடம் கேட்டு, பெற்றோல் துண்டின் பின்பக்கத்தில் எழுதி வைத்தேன்: நலொக்சோன்.

ஆவணியில் நல்லூர்த் திருவிழாவுக்கு என் தங்கையின் மகள் கனடாவில் இருந்து வந்தாள். ஸ்காபரோவில் நேர்ஸாக இருக்கிறாள். இந்தக் கதையைச் சொன்னேன். அவள் ஒன்றும் பேசாமல் எழும்பிப் போய்க் கைப்பையில் இருந்து ஒரு சின்னப் பெட்டியைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்தாள். “மாமா, அதே மருந்துதான் இது. ஊசி தேவையில்லை.” அவள் இருக்கிற ஒன்ராறியோ மாகாணத்தில் 2016இல் இருந்து பாமசிகளில் இந்த மருந்தைச் சும்மா கொடுக்கிறார்களாம். அவுஸ்திரேலியாவிலும் 2022 ஆடியில் இருந்து காசில்லாமல் கொடுக்கிறார்கள். அமெரிக்காவில் 2023இல் டொக்டரின் துண்டு இல்லாமல் விற்க அனுமதித்தார்கள், அப்போது இரண்டு உள்ள பெட்டி ஏறத்தாழ 45 டொலர். எங்கள் காசுக்குப் பதின்மூவாயிரத்துக்கும் மேல்.

பெட்டிக்குள் இரண்டு இருந்தன. கட்டைவிரல் அளவில் வெள்ளைப் பிளாஸ்ரிக், மேலே மூக்குக்குள் வைக்கிற குழாய், கீழே அமத்துகிற கட்டை. ஒன்றில் ஒரே ஒரு தரத்துக்குத்தான் மருந்து. வேலை செய்கிறதோ என்று அமத்திப் பார்த்தால் போச்சு. நான் கை வைக்கவே அவள் தட்டிவிட்டாள். ஆளை மல்லாத்திப் படுக்கவைத்து, பிடரிக்குக் கீழே கை கொடுத்துத் தலையைப் பின்னுக்குச் சரிக்க வேண்டும். பிடித்திருக்கிற விரல் மூக்கில் முட்டுமட்டும் குழாயை ஒரு பக்க மூக்குக்குள் விட்டு, ஒரே அமத்தாய் அமத்த வேண்டும். ஆள் மூச்சை உள்ளே இழுக்க வேண்டியதில்லை, மூக்குத் தோலே மருந்தை இழுத்துக்கொள்ளும். இரண்டு மூன்று நிமிடத்தில் அசைவில்லையென்றால் மற்ற மூக்கில் இரண்டாவது. மூச்சு நின்றிருந்தால், தெரிந்தவர் வாயால் ஊத வேண்டும். மூச்சு வந்தபிறகு ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும், சத்தி எடுத்தால் புரைக்கேறாமல். நான் அன்று பின்சீற்றில் மல்லாத்திக் கொண்டுபோனது எவ்வளவு பிழை என்று அப்போதுதான் தெரிந்தது. எல்லாவற்றுக்கும் முதல் 1990. மருந்து அடித்து ஆள் எழும்பினாலும் ஆஸ்பத்திரிக்குப் போயே ஆக வேண்டும். ஏன் என்று அந்தத் தாதி சொன்னது எனக்கு நினைவிருந்தது.

எப்படி இது வேலை செய்கிறது என்று கேட்டேன். மருமகள் சொன்னதை நான் விளங்கிக்கொண்டது இப்படி. காங்கேசன்துறை பஸ்ஸில் சாரதிக்குப் பக்கத்துச் சீற்றில் ஒருவன் ஏறி இருந்துகொண்டு, சாரதியை நித்திரையாக்குகிறான். மூளையில் ஹெரோயின் செய்வது அதுதான், மூச்சு விடு என்று சொல்கிற இடத்தை நித்திரையாக்கிவிடும். நலொக்சோன் வந்து அவனைத் தள்ளிவிட்டு அந்தச் சீற்றில் தான் இருந்துகொள்ளும். ஆனால் அது குறுந்தூரப் பயணி, அரை மணியில் இருந்து ஒன்றரை மணிக்குள் இறங்கிவிடும். மற்றவன் பஸ்ஸை விட்டுப் போகவில்லை, மிதிபலகையில் தொங்கிக்கொண்டு நிற்கிறான்.

இது ஒன்றும் நேற்று வந்த புது மருந்து இல்லை. அமெரிக்காவில் ஊசியாக அனுமதி கிடைத்தது 1971இல். எனக்கு அப்போது மூன்று வயது. மூக்கில் அடிக்கிற வகைதான் 2015இல் வந்தது. போதையில் விழுகிறவரைப் பக்கத்தில் நின்று பார்க்கக்கூடிய குடும்பத்தார், கூட்டாளிமார் கையில் இந்த மருந்து இருக்க வேண்டும், அவர்களுக்குப் பழக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமே 2014இல் சொல்லிவிட்டது.

சரி, இங்கே வாங்குவோம் என்று வெளிக்கிட்டேன். ரவுணில் மூன்று பாமசி, எங்கள் பக்கம் ஒன்று. முதலாவதில் நின்ற பெடியன் மூக்கடைப்புக்கு அடிக்கிற மருந்தை எடுத்துவைத்தான். இரண்டாவதில் பெயரைக் கேள்விப்படவே இல்லை. மூன்றாவதில் இருந்த வயதான ஐயாவுக்குத் தெரிந்திருந்தது. “அது ஆஸ்பத்திரிச் சாமான் தம்பி, ஊசியாய்த்தான் கண்டிருக்கிறன்” என்றார். நாலாவதில்தான் எனக்கு மனம் நொந்தது. மருந்தின் பெயரைப் போனில் தேடிப் பார்த்துவிட்டு, என்னை மேலும் கீழும் பார்த்து, “ஆருக்கு?” என்று கேட்டார்கள். பின்னால் நின்ற அம்மா ஒருவர் இரண்டடி தள்ளி நின்றார். 57 வயதில் நான் குடுக்காரன் ஆகிவிட்டேன். இந்த மருந்தில் வெறி வராது, பழக்கமும் ஆகாது. ஹெரோயின் போடாத ஆளுக்குத் தவறுதலாக அடித்தாலும் தீங்கில்லை. அதைக் கேட்டு வாங்கப் போனவனுக்கே இந்தப் பார்வை என்றால், மகனுக்காகக் கேட்டு எந்தத் தாய் வருவாள்?

ஆகவே தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையிடமும் மாகாணச் சுகாதாரத் திணைக்களத்திடமும் உங்கள் பத்திரிகை மூலம் கேட்கிறேன். இந்த ஸ்பிறே யாழ்ப்பாணத்துப் பாமசிகளில், கேட்டவுடன் கிடைக்க என்ன செய்ய வேண்டும்? விலைதான் தடையென்றால் முதலில் ஓட்டோச் சங்கங்களுக்கும், பஸ் நிலையத்துக்கும், ஒவ்வொரு கிராம அலுவலர் பிரிவுக்கும் ஒன்றிரண்டு கொடுத்துப் பழக்குங்கள். ஒரு மணித்தியாலம் போதும், நான் சாப்பாட்டு மேசையில் கால்மணியில் பழகினேன். 1990 வண்டி 2018இல் யாழ்ப்பாணத்துக்கு வந்ததில் இருந்து எத்தனையோ உயிரைக் காப்பாற்றுகிறது, அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் அது எவ்வளவு விரைவாக வந்தாலும், மூளை காற்றில்லாமல் தாங்குவது ஒரு சில நிமிடம்தான்.

அடுத்தது பொலிஸ். அன்று அந்தப் பெடியள் 1990க்கு அடிக்காமல் என்னிடம் ஓடிவந்ததில் வீணான நேரம் எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. கனடாவில் 2017இல் ஒரு சட்டம் போட்டார்கள். உதவிக்கு அழைக்கிறவர் மேலும், விழுந்து கிடக்கிறவர் மேலும் சொந்தப் பாவனைக்கு வைத்திருந்ததற்காக வழக்கு வைக்கக்கூடாது என்று. விற்கிறவனுக்கு அந்தச் சலுகை இல்லை. இங்கே சட்டம் மாறக் காலம் எடுக்கும், அதுவரை ‘ஆளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவருகிறவனைப் பிடிக்கமாட்டோம்’ என்று பொலிஸ் பொறுப்பதிகாரிகள் ஒரு வார்த்தை வெளிப்படையாகச் சொன்னாலே போதும்.

தரிப்பிடத்தில் என் கூட்டாளி ஒருவன் சண்டைக்கு வந்தான். “இது கையில இருந்தால் பெடியள் இன்னும் துணிஞ்சு போடுவாங்கள்.” நான் சொன்னேன், ஏற்பூசி இருக்கிறதென்று ஆரும் ஆணியைத் தேடி மிதிக்கிறதில்லை. அதோடு, அந்தப் பெடியன் எழும்பின கோலத்தை நான் பார்த்தேன். நடுக்கம், சத்தி, வியர்வை, கோபம். காசு கொடுத்து வாங்கின போதையை ஒரு நொடியில் பறித்தால் வேறென்ன வரும்? அதை விரும்பி ஒருத்தனும் தேடிப்போகமாட்டான். கூட்டாளி இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை, அது வேறு கதை.

இன்னொன்றையும் எழுதாவிட்டால் பிழையாகிவிடும். இது எல்லாப் போதைக்கும் மருந்தில்லை. ஹெரோயின், மோர்பின், ரமடோல் போன்ற அபின் வகைக்குத்தான் வேலை செய்யும். ஐஸ் என்கிற போதைப்பொருளுக்கும், சாராயத்துக்கும், நரம்பு நோவுக்கென்று வாங்கிப் போடுகிற போதைக் குளிசைக்கும் இது கேட்காது. என்ன போட்டான் என்று தெரியாவிட்டால் அடிக்கலாம், அடித்துவிட்டு அதை நம்பி இருக்கக்கூடாது. தெல்லிப்பழையில் புற்றுநோய்க்கு மோர்பின் குளிசை எடுப்பவர்கள் இதை வாசித்துப் பயப்பட வேண்டாம். டொக்டர் சொன்ன அளவில் எடுப்பது வேறு. குளிசையை மட்டும் பேரப்பிள்ளைகளின் கைக்கு எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள்.

உங்களிடமும் ஒரு விண்ணப்பம். அடுத்த தரம் அப்படியான செய்தி போடும்போது, ஊசியின் படத்தை விட்டுவிட்டு ஒரு சின்னப் பெட்டி கட்டிப் போடுங்கள்: தட்டி எழுப்பியும் எழும்பாதது, கறுத்து நீலம் பாரித்த உதடு, கரகரவென்ற குறட்டை, ஊசிமுனை மாதிரிச் சுருங்கின கண்மணி, 1990.

மருமகள் தந்த பெட்டி என்னிடம் இருக்கிறது. 25 பாகைக்குள் வைக்கச் சொல்லி எழுதியிருக்கிறது. அதை யாழ்ப்பாணத்தில் மார்கழி விடியப்புறத்தில்தான் பார்க்கலாம். கொஞ்ச நேரம் 40 வரை தாங்கும் என்று மருமகள் சொன்னதால், பகலில் வீட்டு அலுமாரியிலும் பொழுதுபட்டபின் என் இடுப்புப் பையிலும் இருக்கும். இரவு பத்தரை வரை தரிப்பிடத்தில் நிற்பேன். கோண்டாவில் பக்கம் அவசரமென்றால் முதலில் 1990க்கு அடித்துவிட்டு ஓடிவாருங்கள். ஆருக்கு என்று கேட்கமாட்டேன்.

இப்படிக்கு,
ஓட்டோச் சாரதி ஒருவர்,
கோண்டாவில்.
(பெயர் வேண்டாம், வீட்டில் குமர்ப்பிள்ளை இருக்கிறாள்.)